பெர்சோனா 5 ராயல்: பிடித்த கேம் என்பதால்தான் இந்தச் சண்டை

இன்று டெங்கு, ரேபிஸ், சர்க்கரை நோய் எதுவும் கிடையாது. ஒரு வீடியோ கேம் பற்றிய பதிவு. ஆனாலும் படித்து முடிக்கும்போது இதுவும் மருத்துவப் பதிவுதான் என்று உங்களுக்கே தோன்றும்.

போன வாரம் ஒரு நண்பரின் பதிவில் இரண்டே வரி எழுதினேன். "பெர்சோனா 5 ராயல் அருமையான கேம். ஆனால் அதில் கிளாஸ் டீச்சரைக் காதலிக்கும் பகுதி அசிங்கம்." அவ்வளவுதான்.

வந்த பதில்கள் மூன்று வகை.

"டாக்டர், கேமை கேமா பாருங்க."

"ஜப்பான் கல்ச்சர் உங்களுக்குப் புரியல."

"பையன்தானே சார்? அவனுக்கு என்ன நஷ்டம்? அதிர்ஷ்டக்காரன்."

முதல் இரண்டையும் பார்த்துச் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். மூன்றாவது பதில் தூங்கவிடவில்லை. அதற்காகத்தான் இந்த நீண்ட பதிவு.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கதையை முழுதாக உடைத்துத்தான் பேசப்போகிறேன். இனிமேல்தான் விளையாடப்போகிறேன் என்பவர்கள் முடித்துவிட்டு வாருங்கள். நூறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பதிவு இங்கேயேதான் இருக்கும்.

1) தெரியாதவர்களுக்கு ஒரு சுருக்கம்

பெர்சோனா 5, அட்லஸ் என்ற ஜப்பானிய நிறுவனம் உருவாக்கிய ரோல் ப்ளேயிங் கேம். 2016 செப்டம்பரில் ஜப்பானிலும், 2017 ஏப்ரலில் மற்ற நாடுகளிலும் வந்தது. அதையே விரிவாக்கி, கதையில் புதிதாக ஒரு பருவத்தையும் சேர்த்து 2019 அக்டோபரில் ஜப்பானில் வெளியிட்டதுதான் ராயல். 2020 மார்ச்சில் வெளிநாடுகளுக்கு வந்தது. 2022 அக்டோபரில் ஸ்விட்ச், எக்ஸ்பாக்ஸ், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது. நான் விளையாடியது ஸ்விட்சில். நைட் ட்யூட்டி முடிந்த மறுநாள் மதியங்களில், கொஞ்சம் கொஞ்சமாக, கிட்டத்தட்ட ஏழு மாதம்.

கதை இதுதான். குடிபோதையில் ஒரு பெரிய மனிதர் ஒரு பெண்ணிடம் தகராறு செய்கிறார். தடுக்கப் போகிறான் ஒரு பள்ளி மாணவன். கேஸ் அவன் மேலேயே திரும்புகிறது. ஒரு வருடம் நன்னடத்தைக் கண்காணிப்பு. சொந்த ஊர்ப் பள்ளி கைகழுவ, டோக்கியோவில் ஒரு காபிக் கடையின் மாடியில், தூசி படிந்த பரணில் வந்து தங்குகிறான். அவன்தான் நீங்கள்.

அந்த ஊரில் அதிகாரத்தில் இருக்கும் கெட்ட மனிதர்களின் மனசுக்குள்ளேயே நுழைந்து, அங்கே திரிந்து கிடக்கும் ஆசையைத் திருடிவிட்டால், அந்த ஆள் தானாகவே குற்றத்தை ஒப்புக்கொள்வான். இப்படித் திருடும் பள்ளிப் பிள்ளைகளின் கூட்டம்தான் ஃபேன்டம் தீவ்ஸ்.

கேட்கச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். விளையாடிப் பாருங்கள், இருக்காது.

2) முதலில் நல்லது. நிறையவே இருக்கிறது

"டர்ன் முறையில் சண்டை போடும் கேமெல்லாம் செத்துப்போச்சு" என்று சொல்பவர்களுக்கு இந்த கேம் ஒன்றே போதுமான பதில்.

எதிரியின் பலவீனம் எது என்று கண்டுபிடித்து அடித்தால் அவன் விழுவான், உங்களுக்கு இன்னொரு வாய்ப்பு கிடைக்கும். அந்த வாய்ப்பைப் பக்கத்திலிருக்கும் நண்பனுக்குக் கைமாற்றலாம். கைமாறக் கைமாற அடியின் பலம் கூடும். எல்லா எதிரியும் விழுந்தால் மொத்தக் குழுவும் பாயும். இல்லையென்றால் துப்பாக்கியை நீட்டிப் பேரம் பேசலாம், அவனையே உங்கள் பக்கம் சேர்க்கலாம். ஒரு சாதாரண சண்டைகூட ஒரு குட்டிப் புதிர்தான்.

அப்படிச் சேரும் பெர்சோனாக்களில் உலகப் புராணங்கள் அத்தனையும் வரும். நம்ம சிவன், விஷ்ணு, காளி, லட்சுமி எல்லோரும் உண்டு. சிவனையும் பார்வதியையும் சேர்த்தால் என்ன வரும் தெரியுமா? அர்த்தநாரி. அன்றைக்கு நைட் ட்யூட்டிக் களைப்பிலும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்தது நேரம். இந்த கேமில் பணத்தைவிட விலை உயர்ந்தது நேரம்தான். காலண்டர் நாள் நாளாக நகரும். பள்ளி முடிந்து ஒரு வேலை, இரவில் ஒரு வேலை. நண்பனைப் பார்க்கப் போனால் படிக்க முடியாது. படித்தால் பார்ட் டைம் வேலை போச்சு. கெடு தேதிக்குள் வில்லனை மாற்றவில்லையென்றால் ஆட்டம் முடிந்தது. மாதம் எத்தனை ட்யூட்டி என்று எண்ணியெண்ணி வாழ்கிற எவருக்கும் இந்தக் கணக்கு உடனே புரியும்.

ஷோஜி மெகுரோவின் இசையையும், சிவப்பும் கறுப்புமாகத் தெறிக்கும் அந்தத் திரைகளையும் பற்றித் தனிப்பதிவே போடலாம். கடையில் பொருள் வாங்கும் மெனுகூட அழகாக இருக்கும்.

ஆனால் இந்த கேமின் உண்மையான பலம் இது எதுவுமில்லை. முதல் வில்லன்தான்.

3) கமோஷிதா

பள்ளியின் வாலிபால் பயிற்சியாளர். ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவர். பள்ளிக்கே பெருமை.

இந்தப் பகுதியை டாக்டராக இருந்து பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டது கதை இல்லை, காயங்கள். வாலிபால் அணிப் பையன்களின் கட்டுகள். மிஷிமா என்ற பையனின் முகத்தில் வீக்கம். ரியூஜியின் காலை உடைத்ததே இந்த ஆள்தான். "பிராக்டிஸ்ல பட்டது" என்பதுதான் எல்லோருடைய பதிலும்.

கேஷுவாலிட்டியில் உட்கார்ந்தவர்களுக்கு இந்த பதில் பழக்கமானது. சொல்லும் காரணமும் காயம் இருக்கும் இடமும் ஒத்துப்போகாது. பேசுவது பிள்ளையாக இருக்காது, கூட வந்த பெரியவராக இருக்கும். பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். இதை ஒரு கேமில் இவ்வளவு சரியாகப் பார்ப்பேன் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பையன்களுக்கு அடி. பெண் பிள்ளைகளுக்கு அதைவிட மோசம். ஆன் என்ற மாணவியைத் தன் வழிக்குக் கொண்டுவர, அவளுடைய தோழி ஷிஹோவின் அணி இடத்தைப் பணயமாக வைக்கிறான். ஆன் மறுத்ததும் அந்தக் கோபம் ஷிஹோ மேல் திரும்புகிறது. ஷிஹோ பள்ளி மாடியிலிருந்து குதிக்கிறாள்.

பிரின்சிபாலுக்குத் தெரியும். பெற்றோர்களிலும் பலருக்குத் தெரியும். பதக்கமும் பள்ளியின் பெயரும் முக்கியம் என்று வாயை மூடிக்கொண்டார்கள்.

இது வெறும் கற்பனை என்று நினைக்காதீர்கள். 2012 டிசம்பரில் ஒசாகாவில் சகுரனோமியா மேல்நிலைப் பள்ளியின் பாஸ்கெட்பால் கேப்டன், 17 வயதுப் பையன், பயிற்சியாளரின் தொடர் அடிகளுக்குப் பிறகு உயிரை மாய்த்துக்கொண்டான். ஜப்பான் முழுவதும் பேசப்பட்ட சம்பவம். அடுத்த ஆண்டே பெண்கள் ஜூடோ தேசிய அணியின் 15 வீராங்கனைகள் அடி உதை பற்றிப் புகார் கொடுத்தது வெளியே வந்து, தலைமைப் பயிற்சியாளர் பதவி விலகினார். 2020 ஜூலையில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு ஜப்பானின் இளம் விளையாட்டு வீரர்கள் மீதான வன்முறை பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது.

"ஜப்பான் கல்ச்சர் புரியல" என்றவரே, கவனியுங்கள். ஜப்பானியர்களே தங்கள் நாட்டு நோயைப் பெயர் சொல்லிக் காட்டிய கேம் இது. அதைத்தான் நான் பாராட்டுகிறேன்.

முடிவில் கமோஷிதா உடைந்து அழுது "செத்துவிடுகிறேன்" என்கிறான். ஆன் விடவில்லை. செத்துத் தப்பிக்காதே, உயிரோடு இருந்து பதில் சொல் என்கிறாள். ஷிஹோ பிழைத்துக்கொள்கிறாள், வேறு பள்ளிக்கு மாறுகிறாள், வாழ்கிறாள். தற்கொலை முயற்சிக்குப் பிறகும் ஒரு வாழ்க்கை உண்டு என்று காட்டியதற்கு இந்த கேமுக்கு ஒரு தனி நன்றி.

ஆக, முதல் பதினைந்து மணி நேரத்தில் இந்த கேம் நமக்குச் சொல்லித்தருவது ஒரே பாடம். மார்க்கும் அணி இடமும் எதிர்காலமும் ஒருவர் கையில் இருக்கும்போது, அவருக்குக் கீழே இருக்கும் பிள்ளை சொல்லும் "சரி", சரி இல்லை.

அருமை. இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

இப்போது சண்டைக்கு வருவோம்.

4) சொன்ன வாய் ஆறும் முன்னே

அடுத்த கதை யூசுகே. ஓவியம் படிக்கும் மாணவன். நம் குழு அவனுடைய குருவைத் துப்பறிவது அவனுக்குப் பிடிக்கவில்லை. போலீஸில் சொல்லாமல் இருக்க வேண்டுமென்றால் ஆன் அவனுக்கு நிர்வாண மாடலாக நிற்க வேண்டும் என்கிறான்.

இது என்ன? பிளாக்மெயில். இரண்டு வாரத்துக்கு முன்னால் கமோஷிதா செய்த அதே வேலை.

நம் குழு என்ன செய்கிறது? ஆனைச் சமாதானப்படுத்தி அனுப்புகிறது. ஆன் உடைக்கு மேல் உடையாகப் போட்டுக்கொண்டு போகிறாள். நகைச்சுவைக் காட்சி. சிரிக்கச் சொல்கிறார்கள். அதே பெண். அதே வகை மிரட்டல். கமோஷிதா செய்தால் குற்றம், ஓவியம் வரைகிற அழகான பையன் செய்தால் காமெடி. பின்னாடி அவன் நம் குழுவிலேயே சேர்ந்துகொள்கிறான். அவன் ஆனிடம் செய்ததைக் குழுவில் யாரும் கமோஷிதாவோடு சேர்த்துப் பார்ப்பதே இல்லை.

கமோஷிதாவின் மனக்கோட்டைக்குள் ஆனின் பொம்மை உருவம் ஒன்று அரைகுறை உடையில் அவன் காலடியில் கிடக்கும். அதைப் பார்த்துத்தான் உண்மையான ஆன் வெடித்து எழுகிறாள். நல்ல காட்சி. எழுந்தவளுக்கு கேம் கொடுக்கும் உடை என்ன? உடலோடு ஒட்டிய, மார்பு திறந்த சிவப்பு லேடக்ஸ். அவன் பார்த்த மாதிரியே அவளை நம்மையும் பார்க்கச் சொல்கிறது கேமரா.

5) டீச்சரும் டாக்டரும்

இப்போது மூன்றாவது கமெண்ட்டுக்கு வருகிறேன்.

ராயலில் நீங்கள் பத்துப் பெண்களைக் காதலிக்கலாம். அதில் நான்கு பேர் வளர்ந்த, வேலை பார்க்கும் பெண்கள். நீங்கள் மேல்நிலைப் பள்ளி இரண்டாம் ஆண்டு மாணவன்.

ஒருவர் கவாகாமி. உங்கள் கிளாஸ் டீச்சர்.

அவருடைய கதை நல்ல கதை, மறுக்கவில்லை. தான் பாடம் சொல்லிக்கொடுத்த ஒரு மாணவன் விபத்தில் இறந்ததற்குத் தானே காரணம் என்ற குற்றவுணர்ச்சி. அதைப் பிடித்துக்கொண்டு அவனுடைய பாதுகாவலர்கள் பணம் பறிக்கிறார்கள். பகலில் டீச்சர் வேலை, இரவில் வீட்டுக்கு வரும் பணிப்பெண் வேடம். களைத்துப்போன ஒரு மனுஷி. அந்தக் களைப்பை இந்த கேம் மரியாதையோடுதான் காட்டுகிறது. கடைசிக்கு முன்னால் ஒரு கேள்வி வரும். அதில் ஒரு பதிலைத் தேர்ந்தெடுத்தால், அவர் தன் சொந்த மாணவனுக்குக் காதலி ஆகிவிடுவார்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். காதலிக்காமல் நண்பனாகவே இருந்தாலும் அவர் மூலம் கிடைக்கும் சலுகைகள் அத்தனையும் கிடைக்கும். யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் அந்தத் தேர்வை வைத்தவர்கள், கமோஷிதா கதையை எழுதிய அதே ஆட்கள். வைத்துவிட்டு அதைப் பரிசு மாதிரி, பூ மாதிரி, இசையோடு கொடுக்கிறார்கள். "இது தப்பு" என்று அந்தக் கதையில் ஒரு குரல்கூட நின்று சொல்வதில்லை.

இன்னொருவர் டாக்டர் தகேமி. இங்கே எனக்குத் தனிக்கோபம்.

சந்துக்குள் சின்ன கிளினிக். முன்பு பெரிய மருத்துவமனையில் இருந்தவர். ஒரு குழந்தைக்காக மருந்து தயாரித்துக்கொண்டிருந்தபோது மேலதிகாரி அவசரப்படுத்தி, விளைவு மோசமானதும் பழியை இவர் தலையில் போட்டு வெளியே தள்ளிவிட்டார். ஜூனியராக இருந்த எந்த டாக்டருக்கும் இந்தக் கதை வயிற்றைப் பிசையும். எனக்கும் பிசைந்தது.

ஆனால் அவர் என்ன செய்கிறார்? பதினாறு, பதினேழு வயதுப் பையனை வைத்து மருந்துப் பரிசோதனை. அவனுக்கு மருந்து வேண்டும், அதற்கு விலையாக உடம்பைக் கொடுக்கிறான். பெற்றோர் சம்மதம் இல்லை. எத்திக்ஸ் கமிட்டி இல்லை. என்ன மருந்து, என்ன பக்கவிளைவு, ஒன்றும் எழுத்தில் இல்லை. குடித்துவிட்டு மயங்கி விழுகிறான். அதையும் சிரிப்பாகக் காட்டுகிறார்கள்.

1947இல் நியூரம்பெர்க் தீர்ப்போடு ஒரு விதித்தொகுப்பு வந்தது. அதன் முதல் விதியே பரிசோதனைக்கு உட்படும் மனிதரின் சுயமான சம்மதம். 1964இல் ஹெல்சிங்கி பிரகடனம். இவை எல்லாம் சும்மா வந்த காகிதங்கள் இல்லை. மனித உடம்புகளின் மேல் நடந்த கொடுமைகளுக்குப் பிறகு வந்தவை. இன்று பதினேழு வயதுப் பிள்ளையைப் பரிசோதனையில் சேர்க்க வேண்டுமென்றால் பெற்றோரின் சம்மதமும் வேண்டும், பிள்ளையின் ஒப்புதலும் வேண்டும்.

அந்தப் பரிசோதனைக்கு ஆளான பையனைக் கடைசியில் டாக்டரே காதலிக்கலாம். என்ன கொடுமை சார் இது?

6) "பையன்தானே?"

இனி கேமைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள்.

2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில் 18 வயதுக்குக் கீழே எல்லோரும் குழந்தைதான். பையன், பெண் என்ற வித்தியாசம் கிடையாது. "அவனே சம்மதிச்சான்" என்பது அங்கே செல்லாது. குற்றம் செய்தவர் பள்ளிப் பணியாளராகவோ மருத்துவமனைப் பணியாளராகவோ இருந்தால் அது இன்னும் தீவிரமான குற்றம். தெரிந்தும் புகார் கொடுக்காமல் இருப்பதும் குற்றம். என் டேபிளுக்கு அப்படி ஒரு பிள்ளை வந்தால் நான் தகவல் சொல்லியே ஆக வேண்டும்.

டீச்சர், டாக்டர். சட்டம் குறிப்பாக எடுத்துச் சொல்லும் இரண்டு பேரையும்தான் இந்த கேம் காதலி லிஸ்டில் வைத்திருக்கிறது.

"இது இந்தியச் சட்டம், கதை நடப்பது ஜப்பானில்" என்பீர்கள். சரி. ஜப்பானில் சம்மத வயது நூறு வருடத்துக்கும் மேலாக 13 ஆகவே இருந்தது. 2023 ஜூனில் அவர்கள் நாடாளுமன்றமே அதை 16 ஆக உயர்த்தியது. பாதிக்கப்பட்டவர்கள் வருடக்கணக்காகப் போராடிய பிறகு வந்த மாற்றம். எது ஜப்பான் கல்ச்சர்? 13 என்று வைத்திருந்ததா, அதை எதிர்த்துப் போராடியதா? இரண்டும்தான். நான் இரண்டாவது பக்கம் நிற்கிறேன்.

"பையன்தானே, அதிர்ஷ்டக்காரன்" என்று எழுதிய தம்பிக்கு ஒரே ஒரு கேள்வி.

கவாகாமி ஆணாகவும், மாணவன் பெண்ணாகவும் இருந்திருந்தால் இதையே எழுதியிருப்பாயா?

மாட்டாய். ஏனென்றால் அந்த ஆணின் பெயர் கமோஷிதா.

பாலியல் தொல்லைக்கு ஆளான பையன்கள் வாய் திறப்பதே அபூர்வம். வயிற்று வலி என்று வருவார்கள். தலைவலி என்று வருவார்கள். நன்றாகப் படித்தவன் திடீரென்று ஸ்கூல் போகமாட்டேன் என்பான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், சொன்னால் சிரிப்பார்கள் என்பதுதான் காரணமாக இருக்கும். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது? "அதிர்ஷ்டக்காரன்" என்ற ஒரு வார்த்தையில் இருந்துதான்.

ஒரு கேம் யாரையும் குற்றவாளி ஆக்கிவிடும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது மருத்துவப்படியும் தப்பு. நான் சொல்வது வேறு. நூறு மணி நேரம் நம் கூடவே இருக்கும் ஒரு கதை எதைக் குற்றம் என்கிறது, எதைப் பரிசு என்கிறது என்பதைப் பேசலாம். பேச வேண்டும்.

7) மருகி: இந்த கேமின் சிகரம்

இத்தனை திட்டிவிட்டு ஏன் பிடித்த கேம் என்கிறேன்? ராயலில் புதிதாக வந்த ஒரு மனிதருக்காக.

தகுதோ மருகி. கமோஷிதா விவகாரத்துக்குப் பிறகு பள்ளிக்கு வரும் கவுன்சலர். நல்ல மனிதர், நிஜமாகவே நல்லவர். பிஸ்கட் கொடுத்து உட்கார வைத்துப் பேசுவார்.

அவருடைய காதலி ருமியின் பெற்றோரைத் திருடன் ஒருவன் கொன்றுவிடுகிறான். அதிர்ச்சியில் உறைந்து கிடக்கிறாள். அவள் வலி மறைய வேண்டும் என்று இவர் மனம் உருகி வேண்ட, இவருக்குள் இருக்கும் ஒரு சக்தி அதை நிறைவேற்றுகிறது. வலி போகிறது. கூடவே மருகியைப் பற்றிய நினைவும் போகிறது.

சுமிரே என்ற ஜிம்னாஸ்டிக்ஸ் மாணவி. அவளைக் காப்பாற்றப் போய் அக்கா கசுமி காரில் அடிபட்டு இறந்துபோகிறாள். தாங்க முடியாமல், "நான் அக்காவாகவே ஆகிவிட்டால்?" என்கிறாள். மருகி அதையும் நிறைவேற்றுகிறார். அதற்குப் பிறகு அவள் தன்னையே கசுமி என்று நம்பி வாழ்கிறாள்.

கடைசியில் மருகி உலகம் முழுவதையும் மாற்றிவிடுகிறார். ஃபுதபாவின் செத்துப்போன அம்மா உயிரோடு சமைக்கிறார். மகோதோவின் அப்பா திரும்பி வருகிறார். ஷிஹோ மாடியிலிருந்து குதிக்கவே இல்லை. எல்லோரும் சந்தோஷம். யாரிடமும் கேட்கவில்லை.

பிப்ரவரி 2ஆம் தேதி இரவு அவரே காபிக் கடைக்கு வந்து உங்களிடம் கேட்கிறார், இந்த உலகத்தை ஏற்றுக்கொள்கிறாயா என்று. மறுத்தால் நண்பன் அகேச்சி இல்லாமல் போவான் என்பதும் அப்போதுதான் உங்களுக்குத் தெரியும். "ஏற்றுக்கொள்கிறேன்" என்று சொல்லலாம். அதற்கும் ஒரு முடிவு உண்டு, சிரித்த முகங்களோடு.

நான் அந்தத் திரையில் பத்து நிமிடம் கையை வைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

ஏனென்றால் மருகி வில்லன் இல்லை. ஒரு நல்ல டாக்டர் எப்படியெல்லாம் தப்பாகப் போக முடியுமோ அதுதான் மருகி. "நோயாளியின் நல்லதுக்குத்தானே? கேட்டால் பயப்படுவாங்க. செய்துவிட்டுச் சொல்லிக்கலாம்." வெள்ளைக் கோட் போட்ட எங்கள் எல்லோருக்கும் ஒருநாளாவது இந்த ஆசை வந்திருக்கும்.

2008 ஜனவரியில் நம் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. ஒரு பெண் லேப்ராஸ்கோப்பி மூலம் சோதித்துப் பார்க்கப் போகிறார். மயக்கத்தில் இருக்கும்போது, வெளியே நின்ற அம்மாவிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிடுகிறார்கள். மருத்துவரின் எண்ணம் நல்லதாகவே இருக்கலாம், ஆனால் சோதனைக்குக் கொடுத்த சம்மதம் அறுவை சிகிச்சைக்குக் கொடுத்த சம்மதம் ஆகாது என்றது நீதிமன்றம். நல்ல எண்ணம் சம்மதத்துக்கு மாற்று இல்லை.

மருகியின் கதை முழுவதும் இந்தத் தீர்ப்புதான்.

இன்னும் ஒன்று. மருகி நம்மைப் பார்த்துக் கேட்காமல் கேட்கும் கேள்வி இதுதான்: "நீங்கள் மட்டும் என்ன?" ஃபேன்டம் தீவ்ஸ் செய்வதும் இன்னொருவர் மனசுக்குள் கேட்காமல் நுழைந்து மாற்றுவதுதானே? மனமாற்றத்தில் ஆளே செத்துப்போகலாம் என்று தொடக்கத்திலேயே மொர்கானா எச்சரிக்கிறது. ஒவ்வொரு இலக்குக்கும் குழுவில் எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று விதி வைக்கிறார்கள். குழுவில் அத்தனை பேர் சம்மதமும் வேண்டும், யார் மனதை அறுக்கிறோமோ அவர் சம்மதம் மட்டும் வேண்டாம்!

கமோஷிதா மாதிரி ஆளுக்கு அது நியாயம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அந்த நியாயம் எங்கே முடிகிறது என்று 2016 கேம் சரியாகக் கேட்கவில்லை. ராயல்தான் கேட்டது.

அப்படிப்பட்ட பகுதியை எங்கே வைத்திருக்கிறார்கள் தெரியுமா? நவம்பர் நடுவில் மருகி பள்ளியை விட்டுப் போவதற்கு முன்னால் அவருடைய நட்பை ஒன்பதாவது படி வரை ஏற்றியிருக்க வேண்டும். இல்லையென்றால் இந்தப் பருவமே திறக்காது. கேம் இதைத் தெளிவாகச் சொல்வதும் இல்லை. எண்பது மணி நேரம் விளையாடிவிட்டு, தன் கேமின் உயிர்நாடியையே பார்க்காமல் முடித்தவர்கள் எத்தனை பேரோ.

8) மற்ற சில்லறைக் குறைகள்

நீளம். கண் முன்னால் நடந்ததை உடனே உட்கார்ந்து ஐந்து பேர் மறுபடியும் பேசுவார்கள். அப்புறம் செல்போன் சாட்டில் இன்னொரு தடவை. கேஸ் ஷீட்டில் இப்படி எழுதினால் சீஃப் கிழித்துப் போட்டுவிடுவார்.

பல இரவுகளில் மொர்கானா "தூங்கப் போகலாம்" என்று நம்மைப் படுக்கைக்கு அனுப்பிவிடும். நேரம்தான் பொக்கிஷம் என்று சொல்லிக்கொடுத்த கேம், அந்த நேரத்தை நம் கையிலிருந்தே பிடுங்குகிறது. (ட்யூட்டி டாக்டர்கள் வேண்டுமானால் இந்த அறிவுரையைப் பின்பற்றலாம்.)

மெமென்டோஸ் என்ற சுரங்கம் ஒரே மாதிரி. இறங்கி இறங்கி அலுத்துவிடும்.

இதெல்லாம் மன்னிக்கக்கூடியவை. மேலே சொன்னதுதான் மன்னிக்க முடியாதது.

9) விமர்சித்தால் என்ன ஆகும்?

"நீங்க எழுதி என்ன மாறப்போகுது?" என்று கேட்பவர்களுக்கு.

முதல் பெர்சோனா 5இல் இரண்டு ஆண்கள் ரியூஜியைத் துரத்தித் தொல்லை செய்வதைச் சிரிப்பாக வைத்திருந்தார்கள். விமர்சனம் வந்தது. 2020இல் வந்த ராயலின் ஆங்கிலப் பதிப்பில் அந்த வசனங்களை மாற்றினார்கள். பெர்சோனா 5 இயக்குநர் கத்சுரா ஹஷினோ 2024 அக்டோபரில் மெட்டஃபர்: ரீஃபேண்டஸியோ என்ற புதிய கேமைக் கொண்டுவந்தார். அதே நட்புப் படிகள், அதே காலண்டர். காதல் தேர்வு மட்டும் இல்லவே இல்லை. யாரும் குறைந்துபோய்விடவில்லை. அந்த நட்புகள் இன்னும் நன்றாகவே இருக்கின்றன.

ஆக, மாறும். நேசிப்பவர்கள் வாய் திறந்தால் மாறும். "மாஸ்டர்பீஸ்" என்று கத்திக்கொண்டே இருந்தால் மாறாது.

10) முடிவாக

பெர்சோனா 5 ராயலை விளையாடாதீர்கள் என்று நான் சொல்லவே இல்லை. விளையாடுங்கள். கமோஷிதாவுக்காக விளையாடுங்கள், மருகிக்காகக் கட்டாயம் விளையாடுங்கள்.

அமெரிக்காவில் இதற்கு 17 வயதுக்கு மேல் என்று முத்திரை, ஐரோப்பாவில் 16. வீட்டில் அந்த வயதுப் பிள்ளை விளையாடினால் பிடுங்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். "எப்பப் பாரு கேமு" என்று திட்டுவதற்குப் பதிலாக மூன்று கேள்வி கேளுங்கள்.

கமோஷிதா செய்தது ஏன் தப்பு?

அப்படியென்றால் அந்த டீச்சரும் டாக்டரும் செய்வது என்ன?

நல்லது செய்கிறேன் என்று சொல்கிற மருகி ஏன் உன்னிடம் கேட்டிருக்க வேண்டும்?

இந்த மூன்றுக்கும் பதில் சொல்லத் தெரிந்த பிள்ளை, நாளைக்குத் தன் பள்ளியில் ஒரு கமோஷிதா வந்தால் அடையாளம் கண்டுகொள்ளும். முக்கியமாக, உங்களிடம் வந்து சொல்லும். பையனாக இருந்தாலும் சொல்லும். நீங்கள் சிரிக்கமாட்டீர்கள் என்று அதற்குத் தெரிந்திருக்கும்.

யாராவது ஒரு பிள்ளை, ஆணோ பெண்ணோ, இப்படி ஒரு தொல்லையில் இருப்பது தெரிந்தால் 1098க்கு அழையுங்கள். இல்லையென்றால் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். நாங்கள் இருக்கிறோம்.

"அதிர்ஷ்டக்காரன்" என்று எழுதிய தம்பி, உன் மேல் கோபமில்லை. உன் வயதில் நானும் அப்படித்தான் சிரித்திருப்பேன். டேபிளுக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

இந்தப் பதிவைப் படித்துவிட்டு நீயும் நிறுத்தினால் போதும்.